ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில்

கவுஸ் பாஷா கையில் மைக் கிடைத்துவிட்டால் அவர் வாய்க்கு பிரேக் கிடையாது. தர்மபுரியில் கல்யாணமோ, மாரியம்மன் பண்டிகையோ, சந்தனக்கூடோ, ரேடியோ செட்டும் சீரியல் லைட்டும் அவருடையதுதான். 1989ஆம் வருஷத்துப் பொருட்காட்சிக்கு ஒரு வாரம் முன்பே ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகக் கிளம்பிவிட்டார். "ஒரே தண்டவாளம், இரண்டு ரயில். ஒன்று பழைய முறை, இன்னொன்று டிஜிட்டல். கவுஸ் பாஷாவின் கைவண்ணம், காணத் தவறாதீர்கள்."

அந்தக் கைவண்ணத்துக்குச் சொந்தக்காரி அப்போது வீட்டுக்குள் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். கவுஸ் பாஷாவின் மனைவி ஹாஜிரா. ஊர் அண்ணாந்து பார்த்த சீரியல் லைட் மயில், தாமரை எல்லாம் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் கட்டியவை. ஆட்டோ தெருவைக் கடந்தபோது அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு தடவையாவது தன் பெயரும் அந்தக் குழாயில் வரவேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பொம்மை ரயில்கள் வந்தது அவள் அண்ணன் அன்வர் பாஷாவிடமிருந்து. ஜெர்மனியில் கப்பல் கம்பெனி வேலை. முதல் லீவில் வந்தபோது சாதாரண ரயில் ஒன்று கொண்டுவந்தான். குமிழைத் திருகினால் தண்டவாளத்தில் கரண்ட் ஏறும், ரயில் ஓடும். இந்த முறை கொண்டுவந்தது டிஜிட்டல். அதற்குத் தண்டவாளத்தில் எப்போதும் முழுக் கரண்ட் இருக்கும். பொத்தான் பெட்டி இடும் கட்டளையை எஞ்சினே கேட்டு நடக்கும். இரண்டும் ஒரே மேஜையில், மொரப்பூர் ஸ்டேஷன் மாதிரி செய்த அட்டைக் கட்டடத்தைச் சுற்றி ஓட வேண்டும். அதுதான் கவுஸ் பாஷா ஊருக்குக் கொடுத்த வாக்கு.

வாக்கு கொடுத்தவர் வயரிங்கிலும் கை வைத்தார். சீரியல் லைட்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எத்தனை வரிசை பல்பு போட்டாலும் திரும்பி வர ஒரே வயர்தான். அதேபோல அவர் வட்டத்தில் பாதியை டிஜிட்டலுக்கும் பாதியைப் பழைய ரயிலுக்கும் பிரித்து, தண்டவாளத்தின் ஒரு பக்கக் கம்பியை மட்டும் வெட்டிவிட்டு, மறுபக்கத்தை இரண்டுக்கும் பொதுவாக விட்டார்.

"இதுக்குப் போயி எதுக்கு ரெண்டு வயரு? ஒரே ரிட்டன் போதும் புள்ள. என் சர்வீசுல எத்தினி பந்தல் பாத்துட்டேன்."

சோதனை ஓட்டத்தில் பழைய ரயில் எல்லையைத் தாண்டியதுதான் தாமதம், எஞ்சின் நின்ற இடத்திலேயே 'குய்ங்' என்று அழுதது. டிஜிட்டலின் பொத்தான் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. கருகல் வாசனை வரவே ஹாஜிரா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். நல்ல வேளை, எஞ்சின் பிழைத்துக்கொண்டது. கவுஸ் பாஷாவின் முகம்தான் செத்துவிட்டது.

"மானம் போச்சு. ஊரு பூரா கத்தி வெச்சிட்டனே," என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ஹாஜிராவுக்கு இருந்த கோபமெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் வடிந்துவிட்டது. அவர் நாளைக்குப் பொருட்காட்சித் திடலில் தலைகுனிந்து நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். பந்தல்ல ஜெனரேட்டரையும் லைன் கரண்டையும் ஒண்ணா உடுவீங்களா?"

"பைத்தியமா? ரெண்டும் சேந்தா ஜெனரேட்டர் காலி. அதுக்குத்தான சேஞ்ச் ஓவர் வெச்சிருக்கோம்."

"இதுவும் அதேதாங்க. ரெண்டு கரண்டு. சேரக்கூடாது. போற வயரு, திரும்பற வயரு ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தணும்."

கவுஸ் பாஷா அவளைப் பார்த்தபடியே எழுந்துபோய், பந்தலுக்குக் கொண்டுபோகும் சேஞ்ச் ஓவர் என்ற அந்த இரும்புப் பெட்டி சுவிட்சைத் தூக்கிவந்தார். கைப்பிடியை மேலே தள்ளினால் ஒரு கரண்ட், கீழே தள்ளினால் இன்னொன்று, நடுவில் எதுவும் இல்லை. சுண்டுவிரல் அகல ரயிலுக்கு யானை கட்டும் சுவிட்ச். வட்டம் முழுவதையும் ஹாஜிரா அதனோடு இணைத்தாள். ரயில்கள் ஒதுங்கி நிற்க இரண்டு கிளைத் தண்டவாளங்கள் போட்டு, அவற்றின் வாயில் இரண்டு பக்கக் கம்பியையும் வெட்டி, ஒவ்வொரு கிளைக்கும் அதனதன் கரண்டைத் தனியாகக் கொடுத்தாள். சட்டம் ஒன்றுதான்: ஒரு ரயில் முழுக்கக் கிளைக்குள் போன பிறகே கைப்பிடியைத் தொட வேண்டும்.

பொருட்காட்சியில் அவர்கள் மேஜையைச் சுற்றி நிற்க இடமில்லை. கவுஸ் பாஷா மைக்கோடு முன்னால். ஹாஜிரா மேஜைக்குப் பின்னால், பந்தல் துணி மறைவில், கைப்பிடிக்குப் பக்கத்தில். பழைய ரயில் பெட்டிகளில் குட்டி பல்புகள் எரிய வட்டமடித்தது. பிள்ளைகள் கத்தினார்கள். பிறகு அது மெதுவாகக் கிளைக்குள் நுழைந்தது.

"இப்போது டிஜிட்டல் ரயில்! மாத்து," என்றார் கவுஸ் பாஷா மைக்கில்.

கைப்பிடி அசையவில்லை. கூட்டம் காத்திருந்தது. மேஜையை ஒட்டி நின்ற பொருட்காட்சிக் குழுவின் கிருஷ்ணப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். "மாத்து புள்ள," என்று கவுஸ் பாஷா துணிப்பக்கம் குனிந்தார். குனிந்ததில் மைக்கும் கூடவே குனிந்தது.

"இருங்க. கடைசிப் பொட்டி இன்னும் வெளியதான் நிக்குது. அதோட பல்பு வயரு ரெண்டு கரண்டையும் சேத்துடும். இழுங்க உள்ள."

அந்தக் குரல் திடலில் இருந்த அத்தனை குழாய்களிலும் கேட்டது. யாரோ சிரித்தார்கள். துணிக்குப் பின்னால் ஹாஜிராவுக்கு உடம்பெல்லாம் கூசியது. கவுஸ் பாஷா குமிழைத் திருகி, கடைசிப் பெட்டியையும் கிளைக்குள் ஏற்றினார்.

"யாருப்பா உள்ள பேசறது?" என்று கேட்டார் கிருஷ்ணப்பன்.

எந்தப் பந்தலிலும் தடுமாறாத கவுஸ் பாஷாவின் குரல் அன்று தடுமாறியது. "ஒரு வாரமா நான் சொன்னது தப்புங்க," என்றார் மைக்கில். "இது என் கைவண்ணம் இல்ல. நான் போட்ட வயரிங்கு கருகிப் போச்சு. இது பூரா எங்க வூட்டுக்காரம்மா போட்டது. பேரு ஹாஜிரா. ஊர்ல நீங்க பாத்த மயிலு, தாமரை எல்லாமே அவங்க கட்டினதுதான்." சொல்லிக்கொண்டே பந்தல் துணியை ஒதுக்கினார்.

இத்தனை கண்களையும் ஒரே நேரத்தில் பார்த்ததும் ஹாஜிரா முக்காட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கைப்பிடியில் கை வைத்தாள். பிறகு முக்காட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டாள். கடைசிப் பெட்டியைப் பார்க்க வேண்டியிருந்தது. அது முழுக்க உள்ளே இருந்தது.

"இப்ப உடுங்க," என்று கைப்பிடியைக் கீழே தள்ளினாள்.