எரர் பதினேழு

விஜயதசமியன்று பூஜை முடியும் வரை காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? எங்கள் முதலாளி பூவராகன் சாருக்கு அந்தப் பொறுமை ஏது! சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் எங்களுடையது சின்ன கம்பெனி. பைக் கியர்களை ஃபர்னஸில் சூடேற்றிக் கடினமாக்கிக் கொடுப்போம். ஃபர்னஸை ஓட்டுவது பிரேம், அது மக்கர் பண்ணினால் பார்ப்பது நான். நாங்கள் இருவரும் உள்ளே வருவதற்குள் சாரே போய் சுவிட்சைப் போட்டுவிட்டார். கியர் ஏற்றிய வண்டி வாசலில் நிற்கிறதாம்.

திரையில் 'எரர் 17' என்று வந்தது. ஃபர்னஸ் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நின்றது.

"போர்டு போச்சு சரிதா," என்றார் சார்.

"இருங்க சார், பார்க்கிறேன்."

போனில் மேனுவலைத் திறந்தேன். பதினேழு என்றால் கான்ஃபிகரேஷன் டேட்டா இல்லை. எத்தனை டிகிரி வரை ஏறலாம், எவ்வளவு நேரம் அதில் நிற்கலாம், எப்போது அணைய வேண்டும் என்ற விவரமெல்லாம் நகத்தளவு கார்டு ஒன்றில் இருக்கும். அது இல்லாவிட்டால் ஃபர்னஸுக்குத் தான் ஃபர்னஸ் என்பதே தெரியாது. தெரியாதபோது சும்மா இருக்கிறது பாருங்கள், அந்தப் புத்தி நம் ஆட்களுக்கு வருமா?

பேனலைத் திறந்தேன். கார்டு இருக்க வேண்டிய இடம் காலி.

"நேத்து ஆயுத பூஜைக்குப் பேனலைத் துடைச்சது யாரு?" என்று கேட்டார் சார்.

"நான்தான் சார்," என்றான் பிரேம்.

"கார்டு எங்கடா?"

பிரேம் தரையைப் பார்த்தான்.

"எவனுக்கு வித்தே?"

அதற்கும் தரைதான். சார் அவன் கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றி மேசைமேல் போட்டார். "வீட்டுக்குப் போ. இனிமே இந்தப் பக்கமே வராதே."

அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். இந்த வேலையைப் பார்த்துத்தான் பெண் வீட்டில் சரி என்றார்கள். அவனை வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலையேன்டா!"

"இன்னான்னுக்கா சொல்றது? சொன்னாலும் வேலை பூடும். மேடம் வரட்டும்."

மேடம் என்றால் சாரின் மனைவி ஜோதிலட்சுமி. தாம்பரத்தில் வீடு. ராகு காலம் முடியாமல் வாசல்படி தாண்ட மாட்டார். முடிந்தது, வந்தார். நாங்களும் அவர் பின்னாலேயே உள்ளே போனோம். நேரே சரஸ்வதி படத்துக்குப் போய்க் கற்பூரம் காட்டி, பூஜை முடிந்ததற்கு அடையாளமாகப் படத்தை லேசாக வடக்கே நகர்த்திவிட்டுப் பூவை ஒதுக்கினார். பேனா, ஸ்பானர், கட்டிங் பிளேயர். அவற்றுக்கு அடியில் எங்கள் கார்டு, முகம் தெரியாமல் சந்தனமும் குங்குமமும் அப்பிக்கொண்டு.

"இந்தாப்பா பிரேம், உன் கார்டு. ஃபர்னஸுல ரொம்ப முக்கியமானது எதுன்னு நேத்து கேட்டேனா, இதுலதான் எல்லாம் இருக்குன்னு சொல்லுச்சு இந்தப் பிள்ளை. கழட்டிக் குடுன்னு வாங்கி அம்மா காலடியில வெச்சேன். பூஜை முடியாம தொடக்கூடாதுன்னும் சொல்லிட்டேன்," என்றவர் சாரைப் பார்த்தார். "ஏங்க ஒரு மாதிரி நிக்கிறீங்க? அதுக்குள்ள சுவிட்சைப் போட்டுட்டீங்களா?"

சார் கற்பூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சந்தனத்தைச் சுரண்டி, பெயின்ட் தின்னர் தொட்டுத் துடைத்து, கார்டைச் செருகினேன். எரர் பதினேழு போய்விட்டது. முப்பத்தொரு டிகிரி என்றது திரை.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் சார், மெதுவாக.

"மேடத்தைப் போயி எப்டி சார் மாட்டி வுடறது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சார் மேசைக்குப் போய் ஐடி கார்டை எடுத்து வந்தார். பிரேம் கை நீட்டினான். சார் கையில் கொடுக்கவில்லை. அவரே அவன் கழுத்தில் மாட்டினார், கொக்கி இரண்டு தடவை நழுவியது.

"கல்யாணத்துக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம்," என்றார்.

"இன்னும் உங்களுக்குப் பத்திரிகையே வெக்கலையே சார்."

"வைடா," என்றார் சார்.