கழுவாத அண்டா

கதை எழுதுகிற தம்பியை வீட்டில் வைத்திருப்பதும், வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதும் ஒன்றுதான் என்று அக்கா சொன்னாள். சொல்லும்போது அவள் கையில் வாரப் பத்திரிகை இருந்தது. அதைச் சுருட்டிப் பிடித்திருந்த விதம், படிக்கப் பிடித்த மாதிரி இல்லை.

தம்பிக்கு வீட்டில் புலவர் என்று பட்டப்பெயர். பிழைப்பு, கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்துவது. ஆசை, சிறுகதை. அனுப்பிய கதைகளெல்லாம் சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. பட்டாளத்துக் கதைக்கு இப்போது நல்ல மவுசு என்று யாரோ சொல்ல, புலவர் அந்த மாதிரிக் கதைகளாகத் தேடிப் படித்துத் தள்ளினார். எல்லாவற்றிலும் போரிலிருந்து திரும்பியவன் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தான், தூக்கத்தில் அலறினான், மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களில் ஒருத்தனாவது மாடியில் துணி காயப்போட்டதாகவோ, சீட்டாட்டத்தில் கள்ள ஆட்டம் ஆடியதாகவோ புலவர் படித்ததில்லை.

வீட்டிலேயே ஓர் அசல் பட்டாளத்துக்காரர் இருந்தார். அக்காவின் கணவர். போர் நடந்த வருஷங்களெல்லாம் படையில் சமையல்காரராக இருந்தவர், இப்போது சோப்புத் தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல். ஊரே அவரைப் பட்டாளத்தார் என்று கூப்பிட்டது. ஆனால் அத்தானிடம் போரின் பாதிப்பைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் காணோம். விசில் அடிப்பார், வயிறு குலுங்கச் சிரிப்பார், படுத்தால் குறட்டையில் ஜன்னல் அதிரும். கண்ணாடிக் கடைக்காரன் கண்ணுக்கே ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால் வேறு வழி என்ன? புலவர் பாதிப்பைத் தானே தயாரித்தார்.

கதையின் பெயர் ‘ரத்தம் தோய்ந்த கரண்டி’. அதில் ஒரு முன்னாள் ராணுவச் சமையல்காரர். எங்கேயாவது தட்டு கீழே விழுந்தால் போதும், குண்டு விழுந்ததாக நினைத்து மேசைக்கு அடியில் பாய்வார். கடைசிப் பக்கத்தில் காய்கறிக் கத்தியைத் தூக்கிக்கொண்டு எதிரியைத் தேடி ஓடுவார். பத்திரிகை அதை முழுப் பக்கப் படத்தோடு போட்டுவிட்டது.

சோப்புத் தொழிற்சாலையில் கதை படிக்கிறவர்கள் இருப்பார்கள் என்று புலவர் கனவிலும் நினைக்கவில்லை. படித்தவர் மேனேஜர். மறுநாளே கேன்டீனில் எவர்சில்வர் தட்டுகள் போய் பிளாஸ்டிக் தட்டுகள் வந்தன. ஆட்கள் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இடுவது மாதிரி டம்ளரை மேசையில் வைத்தார்கள். ஒருவர் தும்மியதற்கு நாலு பேர் திட்டினார்கள். அன்று மத்தியானமே அத்தானின் கத்திகள் பூட்டி வைக்கப்பட்டன. “ஒரு வாரம் டோக்கன் கவுன்டர்ல உக்காருங்க, ரெஸ்ட் எடுங்க” என்றார் மேனேஜர். திங்கட்கிழமையிலிருந்து அதுவே நிரந்தரம் என்று பேச்சு அடிபட்டது.

“அடுப்பை விட்டு எடுத்தா மனுஷன் செத்தே போயிடுவாருடா” என்றாள் அக்கா. கோபமாக ஆரம்பித்தவள் முடிக்கும்போது கண் கலங்கினாள். “நீ எழுதுன, நீயே போய் அழி.”

அத்தான் மட்டும் கதையை இரண்டு தடவை படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஏன் மாப்ளே, உன் ஆளு முதல் வரியிலேருந்து அழுதுக்கிட்டே இருக்கானே, அவன் எப்பத்தான் சாப்பிடுவான்?”

வெள்ளிக்கிழமை புலவர் கடைக்கு லீவு போட்டுவிட்டு கேன்டீனுக்குப் போனார். சாப்பாட்டு நேரம். கூடம் நிறைய ஆட்கள், ஆனால் நூலகம் மாதிரி நிசப்தம். டோக்கன் கவுன்டரில் அத்தான் கூண்டில் அடைத்த கோழியாக உட்கார்ந்திருந்தார். புலவர் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்.

“எல்லாரும் மன்னிக்கணும். அந்தக் கதை எழுதுனது நான்தான். அது அத்தனையும் கற்பனை. எங்க அத்தானுக்கு ஒரு குறையும் இல்ல.”

“கற்பனைன்னா இவ்ளோ தத்ரூபமா எப்படிங்க வரும்?” என்றார் மூலையிலிருந்து ஒருவர். “படிச்சு எனக்குத் தூக்கமே வரல.”

“நிஜமாவா? கடைசிப் பக்கமும் நல்லா இருந்துச்சா?” என்று கேட்டுவிட்டார் புலவர். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மேனேஜர் பக்கத்தில் வந்து அவர் தோளில் கை வைத்து, “குடும்ப மானத்துக்காக மறைக்கிறீங்க, புரியுது” என்றார் அனுதாபத்தோடு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று.

அந்த நேரம் பார்த்து உள்ளே புதுச் சமையல்காரர் பரிமாறி முடித்தார். பெரிய அண்டாவின் அடியில் கொஞ்சம் சோறு மிஞ்சியிருந்தது. அதைக் குப்பைக் கூடையில் தட்டிவிட்டுத் தண்ணீர் பிடிக்கலாம் என்று அண்டாவைச் சாய்த்தார்.

“கை வைக்காதே!”

கவுன்டர் கதவு படாரென்று திறந்தது. அத்தான் ஓடி வந்து அண்டாவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் இப்படிக் கத்திப் புலவரே கேட்டதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் உறைந்துபோனார்கள். கதையில் வந்தது வந்தேவிட்டது என்று ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. மேனேஜர் கண்ணாலேயே வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

“லாரி இன்னும் வரல சார்” என்றார் அத்தான். “லோடு இறக்கப் போன மூணு பேரு வெளிய இருக்காங்க.”

“வழியில எங்கயாவது சாப்பிட்டிருப்பாங்க.”

“சாப்பிட்டோம்னு அவங்க வந்து சொல்லட்டும். அப்புறம் கழுவுங்க.”

அண்டாவுக்கு மூடி போட்டு, மூடி மேல் கையை வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் அவரை எழுப்பத் தைரியம் இல்லை. பொய்யாக எழுதியதைத் தானே மெய்யாக்கிவிட்டோமோ என்று புலவர் பயந்தார்.

கூடம் காலியாகிற நேரத்தில் லாரி வந்தது. டயர் வெடித்து நடுவழியில் நின்றுவிட்டதாம், பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லையாம். உடம்பெல்லாம் தூசியோடு மூவரும் உள்ளே வந்தார்கள். அத்தான் எழுந்தார், பூட்டாமல் விட்டிருந்த மேல் அலமாரியிலிருந்து பழைய எவர்சில்வர் தட்டுகளை எடுத்தார், பரிமாறினார்.

“அண்ணே, நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் பசியைத் தாங்கிக்கிட்டு வந்தோம்” என்றார் அவர்களில் மூத்தவர். சொல்லிக்கொண்டே கையை ஆட்டியதில் காலித் தட்டு மேசையிலிருந்து நழுவியது. கல் தரையில் விழுந்து, உருண்டு, சுழன்று, கூடம் முழுக்க ஒலித்துவிட்டு ஒருவழியாக அடங்கியது.

மேனேஜர்தான் துள்ளினார். வாட்ச்மேன் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். புலவர் எப்போது மேசைக்கு அடியில் போனார் என்பது அவருக்கே தெரியாது.

“குனிஞ்சு எடுப்பா, கால்ல மிதிபடப் போகுது” என்றார் அத்தான். பிறகு மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். “மாப்ளே, நீ எந்தப் போருக்குப் போயிட்டு வந்தே?”

முதலில் லாரி ஆட்கள் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும். அத்தனை நாள் அடக்கி வைத்த சத்தமெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. மேனேஜர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, “பட்டாளத்தாரே, திங்கட்கிழமையிலேருந்து...” என்று ஆரம்பித்தார்.

“திங்கட்கிழமையிலேருந்து என்ன சார்?”

“ஒண்ணுமில்ல. உப்பைக் கொஞ்சம் கம்மியா போடுங்க. எனக்கு பிரஷர் இருக்கு.” கத்தி அலமாரியின் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பின்கட்டுக் குழாயடியில் அத்தான் அண்டாவைத் தேய்த்தார். புலவர் தண்ணீர் ஊற்றினார்.

“பட்டாளத்துல ஒரு நாள் காவலுக்குப் போன நாலு பேரு திரும்ப நேரமாச்சு” என்றார் அத்தான், தலை நிமிராமல். “உடனே இடம் மாறணும், பாத்திரத்தைக் கழுவி வண்டியில ஏத்துன்னாரு அதிகாரி. அவங்களுக்கு வச்சிருந்த சோத்தைக் கொட்டிட்டுக் கழுவுனேன். நாலு பேருமே வரல.”

“அதுல உங்க தப்பு என்ன இருக்கு அத்தான்?”

“தப்புன்னு யாரு சொன்னா? அவங்க வராததுக்கும் அண்டாவுக்கும் சம்பந்தம் இல்லைன்னு எனக்குத் தெரியும். இந்தக் கைக்குத்தான் தெரியல. யாராவது வெளிய இருந்தா இது பாத்திரம் கழுவ மாட்டேங்குது.” ஈரக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒரு சிரிப்புச் சிரித்தார். “இதை வேணா எழுதிக்கோ. ஆனா உன் ஆளைக் கொஞ்சம் சிரிக்க விடு, பாவம்.”

புலவர் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றினார்.

அன்று இரவு ஊர் சுற்றிவிட்டு, வழக்கம்போல எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் புலவர் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல அடுப்படியில் ஒரு பாத்திரம் மூடி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் பார்க்கிற பாத்திரம்தான். அக்காவுக்குத் தன் மேல் உயிர் என்று நண்பர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறார். இன்று மூடியைத் தொட்டவர் அப்படியே நின்றார்.

“அக்கா, இதை எடுத்து வைக்கிறது நீதானே?”

“நானா?” என்றாள் அக்கா. “நீ வந்து தின்னாம உங்க அத்தான் என்னைப் பாத்திரத்துல கை வைக்க விட்டாத்தானே! நேரத்துக்கு வீடு வந்து சேராத உன்னால எனக்கு ஒரு நாளும் வேலை முடியறதில்ல.”

புலவர் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். இத்தனை வருஷமாகப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியதைத்தான் மூன்று கவளத்துக்கு ஒரு தடவை உப்பு இல்லை என்று குறை சொல்லியபடி தின்று வந்திருக்கிறார். கை கழுவிவிட்டு முன்னறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“அத்தான், வந்துட்டேன். சாப்பிட்டாச்சு.”

“சரி மாப்ளே” என்று பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டையும் வந்தது. அக்கா அப்பாடா என்று பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினாள்.