சிவப்புத் துணிக் கட்டு

இருபது வருடமாக அனந்தமதி சந்தனம் வைத்து, பாயசம் படைத்துக் கும்பிட்ட சாத்திரக் கட்டுக்குள் ஓலைச்சுவடியே இல்லை. தோல் அட்டை போட்ட தடித்தடியான பதிவேடுகள்தான் இருந்தன.

பட்டணத்து மருத்துவக் கல்லூரி நூலகத்தின் வரலாற்றை எழுதுகிறார்களாம். யுத்தத்தின்போது குண்டுக்குப் பயந்து நூலகத்தின் பழைய பதிவேடுகளைச் செஞ்சியில் அவள் வீட்டு மச்சில்தான் வைத்திருந்தார்கள். அந்தக் கதையைக் கேட்டுப்போக நூலகக் குமாஸ்தா முருகையன் வந்திருந்தான். "இப்படித்தான் எல்லாத்தையும் எங்க வீட்டுக்காரர் செவப்புத் துணியில கட்டி வெச்சாரு" என்று பூசை அறைக் கட்டைக் காட்டினாள். எலி கடித்த ஓரத்தில் கல்லூரி முத்திரை தெரிந்தது. உடனே அவிழ்த்தார்கள்.

எந்த எழுத்தானாலும் துணி சுற்றி வைப்பது அவர்கள் சமணக் குடும்பத்து வழக்கம். யுத்தம் முடிந்து லாரி வந்தபோது ஆட்கள் எண்ணிக்கை பார்த்து ஏற்றிப்போனார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது, கட்டுதான் மாறிப்போனது. வாசிக்கத் தெரியாதவர் சாத்திரத்தை அவிழ்க்கக் கூடாது என்று அவள் கணவர் சந்திரநாதன் சொல்லியிருந்தார். அவர் போன பிறகும் ஒவ்வொரு சுருத பஞ்சமிக்கும், அந்தச் சாத்திர பூசை நாளில், பழைய துணிமேலேயே புதுத் துணியைச் சுற்றி வந்தாள்.

"இதுல இன்னா எழுதியிருக்குது தம்பி?"

முருகையன் ஒரு பக்கத்தைப் புரட்டினான். "வந்த புத்தகம், போன புத்தகம், எலி தின்ன புத்தகம்மா."

மகள் ராஜமதி டைபாய்டில் கிடந்தபோது அனந்தமதி இதன் முன்னால்தான் விழுந்து அழுதாள். சமணர் தொடவே கூடாத செத்த மாட்டுத் தோலின் முன்னால்! பாவமா, புண்ணியமா, யாரைக் கேட்பது?

"அப்ப எங்க சாத்திரம்?"

"ஆபீஸ்ல ஒரு செவப்புக் கட்டு இருக்குதும்மா. பொணம் அறுக்குற ஹாலுக்கு மேல்மாடில. வருஷா வருஷம் தூசி தட்டி, 'பழைய பதிவேடு, கட்டு ஒன்று'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவோம்."

"பிரிச்சுப் பாக்கவே இல்லியா?"

"யாரும் பாத்ததில்ல."

நன்றாக நாலு வார்த்தை கேட்க நினைத்தாள். எந்த முகத்தோடு கேட்பது?

"இதைக் காட்டினாத்தான் அதைக் குடுப்பாங்க. நான் எடுத்துட்டுப் போய்ப் பேசறேன்" என்றான்.

"எண்ணிப் பாத்து ஏத்துனவங்கதான நீங்க? நானே வரேன்."

பதிவேடுகளை மறுபடி கட்டும்போது தோலில் விரல் பட்டுக் கூசியது. என்றாலும் வழக்கமான முடிச்சையே போட்டாள்.

திண்டிவனம் பஸ்ஸில் நல்ல கூட்டம். "மூட்டையைக் கீழ வையும்மா" என்றார் கண்டக்டர்.

"ஐயோ, கீழ வெக்கக் கூடாதுப்பா!" என்று கட்டை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"ஏன், இன்னா அது?"

அனந்தமதி முருகையனைப் பார்த்தாள். அவன் சன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"தெரியலப்பா" என்றாள். "ஆனா கீழ வெக்கக் கூடாது."