ஏரிச்சேற்றுப் பதம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. பொன்னேரி மார்க்கெட்டில் இறால் விற்கும் அம்பிகா, என் பைக்குள் அரைக்கிலோவைக் கொட்டியபடி கொடுத்தது.

"சார், கதை எழுதுறவருதானே? அந்த நர்ஸம்மா பேர ஒரு கதையில போட்டுடுங்க. நன்றி சொல்லாமயே வந்துட்டேன்."

"பேர் என்னம்மா?"

"அதானே தெரியல!"

2

பழவேற்காடு ஏரியின்மேல் செவ்வானம் படர்ந்த

(அடித்துவிட்டேன். அன்று அம்பிகா எந்த வானத்தையும் பார்க்கவில்லை.)

ஆஸ்பத்திரி வார்டில் அவள் பார்த்தது கையிலிருந்த தூக்குச்சட்டியை. உள்ளே நண்டுச் சாறு. கணவர் சின்னதம்பி வலை இழுக்கையில் படகிலேயே சாய்ந்து ஐந்து நாளாகிறது. பக்கவாதம். வலது பக்கம் விழுந்து, விழுங்கவும் முடியாமல், மூக்குக்குழாய் வழியே கஞ்சி போகிறது. படுத்தவரை எழுப்ப நண்டுச் சாறுதான் என்பது குப்பத்து நம்பிக்கை. விழுங்க முடியாதவருக்கு நீர்க்க இருந்தால் சுலபம் என்று அவளாகச் சேர்த்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

யாரும் பார்க்காதபோது ஒரு கரண்டி வாயில் விட்டாள்.

3

(நர்ஸுக்கு கிறிஸ்டினா என்று பெயர் வைக்கிறேன்.)

புரையேறி சின்னதம்பியின் முகம் கறுத்தது. கிறிஸ்டினா ஓடிவந்து நிமிர்த்தி, மெஷின் வைத்து வாயை உறிஞ்சி எடுத்தாள். மூச்சு திரும்பியது. பிறகு அம்பிகாவைப் பார்த்து, "அறிவிருக்கா உனக்

(இல்லை. இது என் கைவரிசை. "திட்டவேயில்ல சார், அதுக்குத்தான் எனக்கு அழுக வந்துச்சி" என்கிறாள் அம்பிகா.)

"அக்கா, தண்ணி வேகமா ஓடும். அவரு தொண்ட அதுக்குள்ள மூடாது, நேரா நுரையீரலுக்குப் பூடும். டாக்டர் சரின்னு சொன்னதும் கெட்டியா குடுக்கலாம். தேன் பதத்துல."

"தேன நான் எங்கம்மா கண்டேன்? ஏரிச்சேறு மாரியா?"

"எந்தச் சேறு?"

"நாங்க சேத்துல கையால இறால் தடவிப் புடிக்கிற எடம். கால எடுத்தா குழி மெதுவா மூடும்."

கிறிஸ்டினா யோசித்தாள். "அதேதான்க்கா."

4

பத்து நாள் கழித்து டாக்டர் அனுமதித்தார். நண்டுச் சதையைக் குழைந்த சோற்றோடு மைய அரைத்து வந்தாள் அம்பிகா. சின்னதம்பியை நேராக உட்கார்த்தி, தாடையைத் தாழ்த்தி, அரைக் கரண்டி. கிறிஸ்டினாவின் விரல்கள் அவர் தொண்டைமேல் இருந்தன.

தொண்டை ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை.

"உப்பு கம்மி" என்று குழறினார் சின்னதம்பி. அந்த வார்டிலேயே அதிகம் சிரித்தது கிறிஸ்டினாதான். மறுநாள் பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம், "ஏரிச்சேறு பதம்க்கா" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததை அம்பிகா கேட்டாள். சின்னதம்பியை வீட்டுக்கு அனுப்பிய அன்று கிறிஸ்டினாவுக்கு வேறு வார்டில் டியூட்டி.

5

முடிவு ஒன்று: பொன்னேரி ரயில் நிலையத்தில் இருவரும் சந்திக்கிறார்கள். (அழகான பொய்.)

முடிவு இரண்டு: இதை அம்பிகாவுக்குப் படித்துக்காட்டினேன்.

"கிறிஸ்டினானு போடாதீங்க சார். அது அவங்க பேரா இல்லாட்டி, என் நன்றி வேற யாருக்கோ பூடும்."

அடித்துவிட்டேன். மேலே அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் காலியென்று கொள்ளுங்கள். வாசகரே, யாரோ ஒருவரின் தொண்டைமேல் விரல்வைத்து, அது ஏறி இறங்கும்வரை நீங்கள் காத்திருந்ததுண்டா? அப்படியென்றால் உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். சின்னதம்பி இப்போது இடது கையால் தானே சாப்பிடுகிறார்.

அம்பிகாவின் நன்றி: ______________ அவர்களுக்கு.