மூன்றாம் வகுப்பு செய்த யானைக்குட்டி

தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் தொடக்கப் பள்ளியில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் காகிதத்தால் செய்த யானைக்குட்டி, ஆகஸ்டு மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்துபோய் வரிசையில் நின்றது. அன்றைக்குச் சுண்டல் சாதமும் முட்டையும். குட்டி தன் முறை வரும்வரை பொறுமையாக நின்று சாதத்தை வாங்கிக்கொண்டது. முட்டையை மட்டும் தனக்கு முன்னால் நின்ற மூன்றாம் வகுப்பு லாஸ்யாவின் தட்டில் வைத்துவிட்டது. சமையல்கார நஞ்சம்மாள் கரண்டியைக் கீழே போடவில்லை. அறுபத்திரண்டு தட்டுக்கு ஆக்கிய சாதம் அறுபத்து மூன்றுக்கு எட்டுமா என்றுதான் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். எட்டியது.

அந்தக் குட்டியைச் செய்ய ஒரு மாதம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று அரைநாள் வந்துபோகும் ஓவிய ஆசிரியை பிரவீனாதான் கைவேலை வகுப்பில் அதை ஆரம்பித்து வைத்தவர். யானைதான் வேண்டும் என்று பத்தொன்பது பிள்ளைகளும் பிடிவாதம் பிடித்தார்கள். வகுப்பறை வாசலின் அகலத்தைப் பார்த்துவிட்டு, குட்டியாக இருக்கட்டும் என்று பிரவீனா முடிவு செய்தார். மூங்கில் பிளாச்சுகளைக் கட்டி எலும்பு, அதன்மேல் செய்தித்தாளும் பழைய நோட்டுத் தாளும் அடுக்கடுக்காகத் தோல், காதுக்கு இரண்டு பழைய முறம், வாலுக்குத் தேங்காய் நார், கண்ணுக்குப் பூந்திக்கொட்டை. இடது விலாவில் கடைசியாக ஒட்டியது லாஸ்யாவின் போன வருடக் கணக்கு நோட்டு. ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று அவள் எழுதியதும், அதன்மேல் விழுந்த சிவப்புப் பெருக்கல் குறியும் பளிச்சென்று வெளியே தெரிந்தன. பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம் என்றார் பிரவீனா. "வேண்டாங்க டீச்சர். தொலைஞ்சு போனா அடையாளம் சொல்லோணுமில்லீங்களா," என்றாள் லாஸ்யா. அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஒட்டுவதற்கான மைதாப் பசையைக் காய்ச்சிக் கொடுத்தது நஞ்சம்மாள், ஏனென்றால் பள்ளியில் அடுப்பு அவரிடம்தான் இருந்தது. பதினோரு வருடங்களாக அந்த அடுப்பில் கொதித்ததற்கெல்லாம் உப்புப் போட்டுப் பழகிய கை, பசை கொதித்ததும் கல்லுப்பு டப்பாவுக்குள் போய், ஒரு பிடி அள்ளிப் போட்டுக் கிளறிவிட்டு வந்தது. வாளி வகுப்பறைக்குப் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. காகிதத்தை யார் தின்னப் போகிறார்கள் என்று சும்மா இருந்துவிட்டார். அடுத்தடுத்த வாளிகளிலும் கை அதையே செய்தது.

மலைக்கும் பள்ளிக்கும் நடுவில் இருந்தது அவர் கணவர் குமாரசாமியின் இரண்டரை ஏக்கர் வாழைத் தோப்பு. இரண்டு வருடத்தில் மூன்று தடவை காட்டு யானைகள் இறங்கி அதை மிதித்துப் போயிருந்தன. இன்னொரு தடவை வந்தால் நிலத்தைக் கொடுத்துவிட்டு, சரவணம்பட்டியில் மகன் வாடகைக்கு இருக்கும் நாலாவது மாடி வீட்டுக்குப் போய்விடுவது என்று ஆடிப்பெருக்கு அன்று குமாரசாமி முடிவாகச் சொல்லியிருந்தார். புரோக்கர் தயாராகத்தான் இருந்தார். ஆடியில் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று மட்டும் இருவரும் காத்திருந்தார்கள். எனவே நஞ்சம்மாளின் வீடும் அடுப்பும் அறுபத்திரண்டு தட்டுகளும் அந்த வருடம் ஆடி மாதத்தின் மிச்ச நாட்களில் தொங்கிக்கொண்டிருந்தன.

குட்டி நடக்கத் தொடங்கிய மூன்றாம் நாள், வியாழக்கிழமை சாயங்காலம், ஆறு யானைகள் மலையிலிருந்து இறங்கின. தோப்பில் நாற்பது மரங்களைச் சாய்த்தன. ஆனால் ஒரு குலையைக்கூடத் தின்னவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் வரை போய் நின்று, துதிக்கைகளை உள்ளே நீட்டி, குட்டியை உச்சி முதல் வால் வரை தடவின. பூட்டிய பள்ளியின் முற்றத்தில் தனியாக இருந்த குட்டியும் தன் துதிக்கையைத் தூக்கிக் காட்டியது. அரை மணி நேரம் கழித்து அவை வந்த வழியே திரும்பின. குமாரசாமி விழுந்த மரங்களைப் பார்த்துவிட்டு, புரோக்கரைக் கூப்பிட போனை எடுத்தார்.

அவர் பேசி முடிக்கும்வரை நஞ்சம்மாள் பக்கத்திலேயே நின்றார்.

"ஏனுங்க, அதுக வாழைக்கு வரலீங்க. நாந்தான் பசையில உப்பப் போட்டுப்போட்டனுங்க. அந்த உப்புக்குத்தான் வந்திருக்குதுங்க."

குமாரசாமி போனை இடுப்பில் செருகினார். "என்ற கொழம்புல வாரத்துக்கு ரெண்டு நாள் உப்புப் போட மறக்கற. காயிதத்துக்கு மட்டும் கரெக்டா போட்டயாக்கும்?"

"ஒரு வாரம் பொறுங்க."

"ஆவணி ஒண்ணாந்தேதி வாராங்க, அம்மணி. சொல்லியாச்சு. பையன் ஊட்டுல லிப்ட் இருக்குது, தண்ணி இருக்குது. என்ன கொறை?"

"நாலாவது மாடில நான் ஆருக்குங்க சோறாக்கறது?"

அன்று குமாரசாமி குழம்பைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

குட்டியை யானைகளிடமே கொண்டுபோய் விட்டுவிட்டால் அவை தோப்புக்குள் வர வேண்டியதில்லை என்று நஞ்சம்மாள் கணக்குப் போட்டார். ஆடி மாதக் கடைசி நாள் மாலை, பள்ளி விட்டதும், உள்ளங்கையில் உப்பை வைத்துக்கொண்டு அவர் முன்னால் நடக்க, குட்டி அவர் பின்னால் போனது. பத்தொன்பது பிள்ளைகளும் பிரவீனாவும் சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். பிள்ளைகளில் பாதிப் பேர் அழுதார்கள். லாஸ்யா மட்டும், மழை வந்தால் அது நனையக் கூடாது என்று அங்கிருந்தே சத்தம் போட்டுச் சொல்லி அனுப்பினாள்.

தோப்பின் மறுமுனையில் ஆறு யானைகளும் நின்றிருந்தன. குமாரசாமி கையில் பட்டாசுக் கட்டும் தீப்பெட்டியும் வைத்துக்கொண்டு, மனைவி நடுவில் இருந்ததால் கொளுத்தாமல் இருந்தார். அன்று தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். குட்டி ஒரு காலைச் சேற்றில் வைத்தது. பாதத்துக் காகிதம் ஊறிப் பிரிந்தது. பயந்து காலை இழுத்துக்கொண்டு வரப்பின் மேல் ஏறியது. வரப்பு ஒன்றரை அடி அகலம். அதில் நின்றபடி மேலே போகவும் தெரியாமல், திரும்பவும் தெரியாமல் அது பிளிறியது. பள்ளியின் இடைவேளை விசில் போல இருந்தது அந்தச் சத்தம்.

மூத்த பெண் யானை அதைக் கேட்டது. தோப்புக்குள் இறங்கத் தூக்கிய முன்னங்காலை அப்படியே நிறுத்தி, நகர்த்தி, வரப்பின் மேல் வைத்தது. அடுத்த காலையும் அங்கேயே வைத்தது. அதன் பின்னால் மற்ற ஐந்தும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு, ஒன்றரை அடி வரப்பில், எண்ணெய்க் குடத்தைச் சுமந்து போகிறவர்களைப் போல வந்தன. ஓர் இலை கிழியவில்லை. மூத்த யானை குட்டியின் நனைந்த காலை நுகர்ந்து பார்த்தது. பிறகு, காகிதம் கிழிந்துவிடும் என்று தெரிந்ததைப் போல, துதிக்கையின் நுனியால் மட்டும் அதைத் தொட்டுத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனது. நஞ்சம்மாள் உள்ளங்கையில் மிச்சம் இருந்த உப்பைக் கடைசியாக நின்ற யானை நக்கிவிட்டுப் போனது. குமாரசாமி தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஆவணி முதல் தேதி புரோக்கர் ஆட்களோடு வந்தபோது குமாரசாமி அவர்களுக்கு மோர் கொடுத்தார். "வரப்ப இன்னும் அரையடி அகலம் பண்ற வேலை இருக்குதுங்க, வேற ஒரு சமயம் பாக்கலாங்க," என்று சொல்லி, வண்டி வரை வந்து வழியனுப்பினார். அதே நேரத்தில் பள்ளியில் மணி அடித்தது. நஞ்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அறுபத்திரண்டு தட்டுக்குச் சாதம் போட ஆரம்பித்தார். லாஸ்யாவுக்குப் பின்னால் யாரோ நிற்பது போல இருந்தது. குட்டி நின்றது. ஆறு யானைகளும் அதை வரப்பு வழியாகக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே மற்ற பெற்றோர்களைப் போலக் காத்திருந்தன. அதன் காலைப் பிரவீனா செய்தித்தாள் வைத்து ஒட்டினார்.

அதற்குப் பிறகு ஆறு வருடங்கள் ஆகின்றன. மழைக்காலத்தில் குட்டி பெரியவற்றின் வயிற்றுக்கடியிலேயே நடப்பதால் நனைவதில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய மூன்றாம் வகுப்பு அதன்மேல் ஓர் அடுக்குக் காகிதம் ஒட்டுகிறது. அப்படித்தான் அது வளர்கிறது. இப்போது வகுப்பறை வாசலுக்குள் நுழைய முடியாததால் வேலை மைதானத்தில் நடக்கிறது. பசை வாளியைத் தூக்கி வருவது குமாரசாமி. தூக்குவதற்கு முன்னால், உப்புப் போட்டாயா என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறார். நஞ்சம்மாள் ஒவ்வொரு வருடமும் முறைக்கிறார். லாஸ்யா ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள். விலாவில் அவளுடைய தப்புக் கணக்கு இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு ஒட்ட வேண்டும் என்பது மூன்றாம் வகுப்பின் சட்டம்.

இந்த வருட யானைக் கணக்கெடுப்புக்கு வந்த வனக்காவலர் செங்கோடன், வரப்பில் போன கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நஞ்சம்மாள் கொடுத்த டீயைக் குடித்து முடித்தார். பிறகு படிவத்தில் ஏழு என்று எழுதினார். குட்டிக்கு அடையாளம் என்ற கட்டத்தில், இடது விலாவில் ஏழெட்டு ஐம்பத்து நாலு, தவறு, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.