டாக்டர் வீட்டு வாசலில் மார்லிஸின் சாமான்கள்

அமெரிக்காவில் டேட்டன் நகரத்துப் பிளம் தெருவில் கோடை பிறந்துவிட்டால் சனிக்கிழமைதோறும் நாலு வீட்டிலாவது கராஜ் சேல், அதாவது வீட்டுப் பழைய சாமான் விற்பனை, நடக்கும். கராஜ் உள்ளவர்கள் கராஜில், இல்லாதவர்கள் புல்தரையில் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு. விற்கிறவர்களும் அந்தத் தெருக்காரர்கள், வாங்குகிறவர்களும் அவர்களேதான். ஒரு ரொட்டி மெஷின் நாலு வருஷத்தில் ஆறு வீடு மாறியது. யாரும் அதில் ரொட்டி சுட்டதாகத் தகவல் இல்லை.

மார்லிஸ் ஹ்ருஸ்கா பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் பரிமாறுகிறவள். வயது ஐம்பத்தெட்டு. அவள் அக்கா இறந்தபோது அக்கா வீட்டுச் சாமான் முழுக்க இவள் கராஜுக்குள் வந்து குடியேறியது. அதனால் இரண்டு குளிர்காலமாகக் கார் பனியில் நின்றது. சாமான்களை மூன்று சனிக்கிழமை வெளியே வைத்துப் பார்த்தாள். எதிர்வீட்டு ஜோலீன் மட்டும் வந்து ஒரு மேஜை விளக்கைத் தூக்கிப் பார்த்தாள்.

"ரெண்டு டாலரா? வயரைப் பாருடி, எலி ருசி பார்த்த மாதிரி இருக்கு. ஐம்பது சென்ட் தரேன்."

"உங்கிட்ட விக்கிறதுக்கு எலிகிட்டயே குடுத்துடலாம்."

"அதுகூட மிச்சம் வச்சுட்டுப் போயிருக்கே!"

அதே நகரத்தின் வடக்குக் கோடியில் ஹெரன் ரிட்ஜ் என்று ஒரு குடியிருப்பு உண்டு. அங்கே புல் எவ்வளவு உயரம் வளரலாம் என்பதைக்கூடக் குடியிருப்போர் சங்கம்தான் தீர்மானிக்கும். கராஜ் சேலுக்குத் தடை. ஜூன் முதல் சனிக்கிழமை மட்டும் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அனுமதி, அதுவும் 'பகிர்வு தினம்' என்ற பெயரில். பழையதை விற்பது பிளம் தெருக்காரர்களின் பிழைப்பு. ஹெரன் ரிட்ஜ்காரர்கள் தங்கள் வாழ்க்கையை எளிமையாக்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

அங்கே பல் டாக்டர் விட்லாக்கின் வீட்டை மார்லிஸ் கோடை விடுமுறையில் பார்த்துக்கொள்வாள். செடிக்குத் தண்ணீர், பூனைக்குச் சாப்பாடு. அந்த வருஷம் குடும்பம் இத்தாலிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். டாக்டரின் மனைவி கேண்டஸ் கிளம்பும்போது, "உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க மார்லிஸ்," என்றாள். இப்படிச் சொல்கிறவர்கள் யாரும் நிஜமாகவே அப்படி நினைத்துக்கொள்ளச் சொல்வதில்லை. மார்லிஸ் நினைத்துக்கொண்டாள்.

பகிர்வு தினத்தன்று ஜோலீனின் பிக்கப் வண்டியில் அக்காவின் சாமான்கள் ஹெரன் ரிட்ஜில் டாக்டர் வீட்டு வாசலில் வந்து இறங்கின. சரியாக எட்டு மணிக்குச் சங்கத் தலைவர் ராண்டால் பீஸ்லி வந்தார். அந்த விளக்கைக் கையில் எடுத்தார்.

"இது குடும்பச் சொத்தா?"

"ரொம்ப நாளா ஒரே குடும்பத்துல இருந்தது சார்," என்றாள் மார்லிஸ். அதில் பொய் எதுவும் இல்லை. "வயர் மட்டும் கொஞ்சம்..."

"ஐயையோ, வயரை மாத்திடாதீங்க! அதுலதான் இதோட வயசே தெரியுது. என்ன விலை?"

மார்லிஸ் வாயைத் திறக்கும் முன் பின்னாலிருந்து ஜோலீன், "நாப்பது," என்றாள்.

பீஸ்லி முப்பத்தெட்டுக்குப் பேரம் பேசி, ஊரையே ஏமாற்றிவிட்ட முகத்தோடு விளக்கைத் தூக்கிக்கொண்டு போனார். ஆடும் நாற்காலி, பின்னல் போர்வை, மூக்குடைந்த சேவல் வடிவக் கூஜா எல்லாம் பதினொன்றரைக்குள் காலி. மூக்குடைந்த சேவலுக்குப் போட்டி போட்டவர்கள் இரண்டு பேர்.

பத்து நாள் கழித்துக் கேண்டஸ் ஃபோன் செய்து வரச் சொன்னாள். மார்லிஸ் போனபோது சமையலறையில் கேண்டஸ் தனியாக உட்கார்ந்திருந்தாள். இத்தாலிக்குப் போய் வந்தவளின் முகமாக அது இல்லை.

"ராண்டால் எல்லாத்தையும் சொன்னார்."

மார்லிஸ் கைப்பையைத் திறந்தாள். "எங்க அக்கா சாமான் மேடம். உங்க வாசல்ல வச்சது தப்புதான். வந்த பணத்தை வேணும்னா..."

"முப்பத்தெட்டுக்கா குடுத்தீங்க? என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு முப்பத்தெட்டு! இந்தத் தெரு எங்களைப் பத்தி என்ன நினைக்கும்?"

கேண்டஸ் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று மார்லிஸுக்குத் தெரியவில்லை. கண் துடைக்க டிஷ்யூ காகிதம் கிழித்துக் கொடுத்தாள். இத்தாலிக்கு யாரும் போகவில்லை. கேண்டஸ் இண்டியானாவில் அம்மா வீட்டில் இருந்திருக்கிறாள். டாக்டர் கடனையும் மனைவியையும் ஒன்றாக விட்டுவிட்டு அரிஸோனாவுக்குப் போய்விட்டார். செப்டம்பருக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"பகிர்வு தினத்துலயே வந்து எல்லாத்தையும் வித்திருக்கலாமே மேடம்?"

"வித்தா தெரிஞ்சிடுமே. இங்க காசு தேவைப்படாதவங்கதான் விக்கலாம் மார்லிஸ்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்க தெருவுல வச்சுக்கலாமா?"

அடுத்த சனிக்கிழமை மார்லிஸின் வாசலில் வெள்ளித் தட்டு, தோல் காலணிகள், இத்தாலிக் காபி மெஷின் எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. பின்னால் மடக்கு நாற்காலியில் பெரிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கேண்டஸ். தெருவே வந்து பார்த்தது, யாரும் நம்பவில்லை. பிளம் தெருவில் வெள்ளி என்றால் அது வெள்ளி இல்லை. தட்டு மூன்று டாலருக்குப் போனது. கொடுக்கும் முன் கேண்டஸ் அதை இன்னொரு முறை துடைத்தாள்.

ஜோலீன் காபி மெஷினைத் தட்டினாள். "என்ன விலை?"

"அறுபது."

"அறுபதா! அதுக்கு ரெண்டு பழைய டயர் வாங்கி வண்டியில மாட்டிடுவேனே."

கேண்டஸ் எழுந்து கண்ணாடியைக் கழற்றினாள். "தொள்ளாயிரம் குடுத்து வாங்கினதுங்க இது."

"யாரு குடுத்தது?"

"நான்தான்."

"அப்ப ஏமாந்தது நீங்க. அதுக்கு நான் ஏன் பணம் கட்டணும்? பத்து."

"ஐம்பது."

"முதல்ல இது வேலை செய்யுதான்னு காட்டுங்க."

மார்லிஸ் சமையலறையிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தாள். கேண்டஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றபடியே காபி போட்டாள். வாசனை பிடித்துத் தெரு வரிசையில் வந்து நின்றது. ஜோலீன் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தாள்.

"கசக்குது. பன்னிரண்டு."

"சர்க்கரை போடாம குடிச்சா கசக்கத்தான் செய்யும். உங்களுக்கு நாப்பத்தஞ்சு," என்றாள் கேண்டஸ், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. அப்படி நிற்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடைசியில் இருபத்திரண்டுக்கு முடிந்தது. ஜோலீன் பணத்தை மறுநாள்தான் கொடுத்தாள், அதிலும் ஒரு டாலர் குறைவாக. கேண்டஸ் எதிர்வீட்டுக்குப் போய் ஜோலீனின் கதவைத் தட்டி, அந்த ஒரு டாலரை வாங்கிக்கொண்டுதான் இண்டியானாவுக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.