ஒரு கரண்டி கூடுதல்

கானாங்கெளுத்தி வரத்து தொடங்கி, பிரீட் மீன் ஆலைக்குத் திரும்பிய வாரத்திலேயே குழந்தைக்கு மலம் கட்டிக்கொண்டது. பழி யார் தலையில் விழும் என்று ஊரில் யாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஊனாவுக்கு நாலு மாதம். புட்டிப்பால் குழந்தை. முகம் செக்கச் செவேலென்று ஆகும், கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொள்ளும், வீடு அதிர அலறும். இத்தனைக்கும் பிறகு வந்து விழுவது ஆட்டுப்புழுக்கை மாதிரி நாலு உருண்டை. அயர்லாந்தின் டோனிகால் மலைச்சரிவில் ஆட்டுப்புழுக்கைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது பெற்ற பிள்ளையின் துணியில் கிடக்கிறபோது பிரீட் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.

அவள் புருஷன் மாலகி கட்டட வேலைக்காரன். கொத்தனார்களுக்குக் கலவை குழைத்துக் கொடுப்பது அவன் வேலை. உறைபனியில் சாந்து பிடிக்காது. அதனால் பனி விடும்வரை அவனுக்கு வேலை இல்லை. மீன் ஆலைக்கோ அந்தப் பனிக்காலம்தான் அறுவடை. முதல் படகு வந்த அன்று போய் நிற்காதவளின் இடம் வேறொருத்திக்குப் போய்விடும், அடுத்த வருஷமும் திரும்பக் கிடைக்காது. ஆகவே அவள் ஆலைக்கு, அவன் தொட்டிலுக்கு என்று பேசி வைத்துக்கொண்டார்கள்.

"பால் கலக்குறதுல நீ தலையிடாதே. கலவைன்னா அது என் தொழில்" என்று முதல் நாளே சொல்லிவிட்டான். காலையில் எழுந்ததும் அன்றைக்கு வேண்டிய பாட்டில்களை எல்லாம் அவனே கலக்கி, ஃபிரிட்ஜில் வரிசையாக நிறுத்திவிடுவான். ஞாயிற்றுக்கிழமைகூட அவளைப் பாட்டிலில் கை வைக்க விடமாட்டான். நல்ல மனுஷன் என்று அவளும் பெருமையாகத்தான் நினைத்தாள்.

ஆலையில் குடல் எடுக்கும் மேஜையில் அவளுக்கு எதிரே நிற்பவள் மோனா. வாய் கத்தியைவிடக் கூர்மை.

"குழந்தைக்கு அம்மா வாசனை தெரியும்டி. உன்மேல இப்ப இருக்கிறது மீன் வாசனை. பாவம், மூக்கைப் பிடிச்சுக்கிட்டு அது எப்படி முக்கும்?"

மேஜையே சிரித்தது. பிரீட்டும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் வரத்து முடியும்வரை அந்த மேஜையில் நின்று பிழைக்க முடியாது. ஆனால் அன்று வீட்டுக்குப் போனதும் எலுமிச்சம்பழத்தை அறுத்து, விரல் இடுக்கெல்லாம் எரிய எரியத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட்டாள்.

செய்ய வேண்டியதை எல்லாம் செய்து பார்த்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்தாள். உள்ளங்கையைச் சூடு பண்ணிக்கொண்டு தொப்புளைச் சுற்றி வட்டமாக நீவிவிட்டாள். மல்லாத்திப் போட்டு, சைக்கிள் மிதிக்கிற மாதிரி காலை மாற்றி மாற்றி மடக்கினாள். ஊனா சிரிக்கும். அரை மணி கழித்து மறுபடி அலறும்.

பக்கத்து வீடு அத்ராக்டாவுடையது. மாலகிக்கு அக்கா, பிரீட்டைவிடப் பதினைந்து வயது மூத்தவள். கதவைத் தட்டும் வழக்கம் அவளுக்கு இல்லை. ஒருநாள் ஒரு கிண்ணத்தில் பழுப்புச் சர்க்கரைத் தண்ணீரும் இன்னொரு கையில் ஒரு சோப்புத் துண்டும் கொண்டு வந்தாள்.

"இதைக் குடிக்கக் கொடு. அதுக்கும் வரலைன்னா இந்தச் சோப்பை மெல்லிசா சீவிப் பின்னால வை. நாங்க எல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம்."

"சோப்பு வேண்டாம், அத்ராக்டா. எரியும்."

"எரியும்னு இப்பத் தெரியுதா? பெத்த கையோட பிள்ளையைப் பால்மாவு டப்பாகிட்ட விட்டுட்டு மீன் கழுவப் போனப்ப எரியலையா?"

"எனக்குப் பால் வத்திப்போச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

"வத்தாம என்ன செய்யும்? மனசு இங்க இருந்தாத்தானே மார்ல பால் இருக்கும்."

பிரீட் மாலகியைப் பார்த்தாள். அவன் அடுப்புக்குக் கரி தள்ளிக்கொண்டிருந்தான். திரும்பாமலே சொன்னான்:

"அவ சொல்றதுலயும் ஒண்ணு இருக்கு பிரீட். நீ வீட்டுல இருந்தவரைக்கும் பிள்ளை நல்லாத்தானே இருந்தா? நீ வெளிய காலெடுத்து வச்ச வாரத்துலதான் இது வந்தது. இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா ஆலையை விட்டுரு."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவள் போனாள், அது வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து அவளே அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஆலையை விட்டால் அடுத்த வருஷத்துக்கும் அவளுக்கு இடம் கிடையாது. விடாவிட்டால், பிள்ளையை வதைப்பவள். இரண்டில் ஒன்று.

வெள்ளிக்கிழமை துணியில் ஒரு கோடு ரத்தம் வந்தது. பிரீட் சுகாதார நர்ஸுக்குப் போன் செய்து, சனிக்கிழமை வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றாள்.

நர்ஸ் டெர்வ்லா மழையோடு மழையாக வந்தாள். ஈரக் கோட்டைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, கணப்பில் கையைச் சூடாக்கிக்கொண்டு, பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். ஆசனவாயைப் பார்த்தாள். "கெட்டியா வந்ததுல சின்னதா கிழிஞ்சிருக்கு. ஆறிடும். வாந்தி உண்டா? பால் குடிக்க மறுக்கிறாளா?"

"இல்லை, நல்லாக் குடிக்கிறா" என்றாள் பிரீட். "எப்பவும் தாகமா இருக்கிற மாதிரி."

"எப்ப ஆரம்பிச்சது இது?"

"வரத்து தொடங்கினப்போ."

"அதாவது அம்மா வெளிய போனப்போ" என்றாள் அத்ராக்டா. அவள் ஏற்கெனவே டீக்கோப்பையும் கையுமாக நல்ல நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள், தீர்ப்பு கேட்க வந்தவள் மாதிரி.

நர்ஸ் அவள் பக்கம் திரும்பவில்லை. "அதுக்கு முன்னாடி பால் கலக்கினது யாரு?"

"நான்" என்றாள் பிரீட்.

"இப்போ?"

"நான்தான்" என்றான் மாலகி. மார்பு ஒரு விரற்கடை முன்னால் வந்தது. "ஒரு நாள் தவறினதில்லை."

"ரொம்ப நல்லது. நான் பார்க்க ஒரு பாட்டில் கலக்குங்களேன்."

அவன் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினான். கொதிக்க வைத்த தண்ணீரை அளவுக்கோடு பார்த்துப் பாட்டிலில் ஊற்றினான், சொட்டுப் பிசகவில்லை. பிறகு பால்மாவு டப்பாவைத் திறந்தான். கரண்டியை மாவுக்குள் குத்தி இறக்கி, டப்பாவின் உட்சுவரில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். அழுத்திய பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் அள்ளினான். கரண்டிமேல் மாவு கோபுரமாக நின்றது. அப்படியே பாட்டிலில் தட்டினான். ஒவ்வொன்றும் கோபுரம். அளவு முடிந்ததும் நர்ஸைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, இன்னொரு கரண்டியும் போட்டான்.

"அது எதுக்கு?" என்றாள் நர்ஸ்.

"அதுவா? சைட்ல இத்தனை மணலுக்கு இத்தனை சிமென்ட்டுன்னு மேஸ்திரி சொல்லுவாரு. அவரு அந்தப் பக்கம் திரும்பினதும் நாங்க ஒரு மண்வெட்டி சிமென்ட் கூடப் போடுவோம். சுவருக்கு ஒண்ணுன்னு சொல்றது. டப்பாவுல போட்டிருக்கிறதும் மேஸ்திரி கணக்குத்தானே. நான் கலந்த சுவர் ஒண்ணுகூட இதுவரைக்கும் விழுந்ததில்லை."

"சுவர் வெளிக்குப் போக வேண்டியதில்லையே, மாலகி."

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் மேஜையிலிருந்த வெண்ணெய்க் கத்தியை எடுத்தாள். ஒரு கரண்டி மாவை அழுத்தாமல் அள்ளி, கத்தியின் முதுகால் மட்டமாக வழித்தாள். மேலே நின்றதெல்லாம் தட்டில் உதிர்ந்தது. இன்னொரு கரண்டியை மாலகி அழுத்தின மாதிரியே அழுத்தி நிரப்பி, அதைத் தட்டின் மறுபக்கத்தில் கவிழ்த்தாள். சின்னக் குவியலும் பெரிய குவியலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"பிள்ளைக்கு மாவு வேணும்கிற அளவுக்குத் தண்ணியும் வேணும். நீங்க தண்ணியைக் குறைச்சுட்டீங்க. குடல்ல ஈரமே இல்லை, அதான் கல்லாப் போகுது. இன்னையிலேருந்து கரண்டியை மட்டமா வழிச்சுப் போடுங்க, ஒண்ணுகூடக் கூட வேண்டாம். பாலுக்கு நடுவுல கொதிக்க வச்சு ஆறின தண்ணி கொஞ்சம் கொடுக்கலாம். வெந்நீர்க் குளியல், காலை மடக்கி விடறது, வயித்தை நீவறது எல்லாம் நல்லதுதான், விடாதீங்க. சர்க்கரைத் தண்ணி வேண்டாம். சோப்பு வேண்டவே வேண்டாம். மறுபடி ரத்தம் பார்த்தாலோ, வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ நேரா டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க."

மாலகியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. சிமென்ட் அரித்து வெடித்த மறுகை விரலால் பெரிய குவியலைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான்.

"பொறந்தப்போ என் உள்ளங்கையில அடங்கினா" என்றான் அவன். "இவ்வளவு சின்னதா ஒரு மனுஷ ஜீவனை நான் பார்த்ததே இல்லை. பலமா வரட்டும்னுதான்..."

அந்த நிமிஷத்தில் பிரீட் அவனை மன்னித்துவிட்டாள். தெரியாமல் செய்தான், ஆசையில் செய்தான். ஒரு கரண்டி மாவுக்காக யார் யாரைப் பகைத்துக்கொள்ள முடியும்? அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அத்ராக்டா உட்கார்ந்திருக்கிறபோதே, நர்ஸ் நிற்கிறபோதே, 'உன்மேல தப்பில்ல பிரீட்' என்று அவன் சொன்னால் போதும். அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

முதலில் வாயைத் திறந்தவள் அத்ராக்டா.

"அவனுக்கு எப்படித் தெரியும்? ஆம்பளை. நீ வீட்டுல இருந்திருந்தா பார்த்திருப்பேல்ல?"

பிரீட் மாலகியைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்திருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது. பிறகு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய், கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தான்.

"யாருக்காவது இன்னொரு டீ?" என்றான்.

மட்டக் கரண்டி வேலை செய்தது. அடுத்த வாரமே ஊனா அதிகம் அலறாமல் இளக்கமாகப் போக ஆரம்பித்தாள். முதல்தடவை அப்படிப் போனபோது, மஞ்சளாக, கூழ் மாதிரி, துணி நிறையக் கிடந்ததைப் பார்த்து பிரீட் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். இப்படி ஒன்றைப் பார்த்துச் சந்தோஷப்படும் நாள் வரும் என்று கல்யாணத்தின்போது சொல்லியிருந்தால் ஓடியே போயிருப்பாள்.

ஆனால் ஊரில் கதை வேறு மாதிரி நடந்தது. தன் சர்க்கரைத் தண்ணீர் தாமதமாக வேலை செய்தது என்றாள் அத்ராக்டா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் ஆம்பிளைகள் நின்று பேசினபோது மாலகி சொன்னது பிரீட்டின் காதிலேயே விழுந்தது: "கலவையிலதான் கோளாறுன்னு கண்டுபிடிச்சோம். சரி பண்ணிட்டேன்." இந்தக் காலத்தில் இப்படி ஒரு தகப்பனா என்று ஒரு கிழவர் அவன் தோளைத் தட்டினார்.

மேஜையில் மோனா சொன்னாள்: "பாத்தியா, உன் பிள்ளை உன்னைத் தேடறதையே விட்டுருச்சு. அதான் வயிறு இளகிருச்சு."

வீட்டுக்கு வந்து பிரீட் கேட்டாள்: "அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மாலகி."

"என்னன்னு சொல்றது? அதான் சரியாயிருச்சுல்ல. அதைப் போய் இழுத்துக்கிட்டு."

மாதக் கடைசியில் பனி விட்டது. சைட்டிலிருந்து ஆள் வந்து, திங்கட்கிழமை வந்துவிடு என்று மாலகியிடம் சொல்லிவிட்டுப் போனான். கானாங்கெளுத்தி வரத்து முடிய இன்னும் நாள் இருந்தது. தன்னால் புட்டிப்பால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாது, இடுப்பு வலி என்றாள் அத்ராக்டா. ஆலை முடிகிறவரைக்கும் பொறு, சைட் எங்கேயும் ஓடிப்போகாது என்று பிரீட் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை சைட் வண்டி வாசலில் வந்து ஹாரன் அடித்தது. மாலகி ஸ்டூலில் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பிள்ளை பிரீட்டின் கையில் இருந்தது. ஆலை உடுப்பை அவள் ஏற்கெனவே மாட்டியிருந்தாள்.

"இந்த வருஷம் விட்டுரு பிரீட்" என்றான் அவன், பூட்ஸைப் பார்த்துக்கொண்டே. "நீ முதல்ல வெளிய போனப்போ என்னாச்சுன்னு பார்த்தேல்ல? இன்னொரு தடவை பிள்ளை அந்தப் பாடு படணுமா?"

அவள் முதலில் அவன் விளையாடுகிறான் என்று நினைத்தாள். முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. சொல்லிச் சொல்லி, சொல்லக் கேட்டுக் கேட்டு, அவன் அதை நம்பவே ஆரம்பித்துவிட்டான்.

"என்னாச்சு மாலகி?" என்றாள். "நீயே சொல்லேன், கேட்கிறேன்."

அவன் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான். இன்னொரு ஹாரன்.

"வண்டி நிக்குது" என்று எழுந்தான். பிள்ளையின் தலையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

பிரீட் வாசலில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஆலை பஸ் திருப்பத்தில் வந்து வேகம் குறைந்தது. ஓட்டுநர் அவளையும், கையிலிருந்த பிள்ளையையும் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். பஸ் மேட்டில் ஏறி மறைந்தது. ஊனா முக்கவில்லை, அழவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அந்த ஆலை உடுப்புச் சூடாக நனையும்படி, சுகமாக வெளிக்குப் போனாள்.